சிபியு 35 சதவீதம், பயனர் மட்டும் காத்திருக்கிறார்: பெரிய நோடுகளுக்கு மாறிய ஒரு சேவையின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இணையவழிப் பேருந்து முன்பதிவு நடத்தும் ஒரு நிறுவனம். அதன் இருக்கை நிலவரச் சேவை கிளவுடில், கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் கட்டிய மென்பொருளைப் பல கணினிகளில் பரப்பி ஓட்டும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் ஒன்றில் ஓடியது. அந்தக் கணினி ஒவ்வொன்றும் ஒரு நோடு. பயனர் ஒரு பேருந்தைத் தொட்டதும் எந்த இருக்கை காலி, எது விற்றுப்போனது, எது பெண்களுக்கு ஒதுக்கியது என்ற படத்தை ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவாக அனுப்புவதுதான் அதன் வேலை. கோ என்ற நிரல் மொழியில் எழுதியது, 1.25க்கு முந்தைய பதிப்பு. இந்தப் பதிப்பு விவரம் பின்னால் முக்கியமாகிறது.

சேவையின் ஓடும் பிரதிகளான பாட்கள் மொத்தம் 6. ஒவ்வொரு பாடுக்கும் சிபியு ரிக்வெஸ்ட் (உறுதியாக ஒதுக்குவது) 1 கோர், லிமிட் (தாண்டக் கூடாத உச்சம்) 2 கோர், மெமரி லிமிட் 512 எம்பி. பின்னால் இந்தச் சேவைக்கே உரிய ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். பாடுக்கு 20 இணைப்பு வீதம் 120 இணைப்புகள், டேட்டாபேஸின் உச்ச வரம்பு 200. உச்ச நேரத்தில் பாடுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 150 கோரிக்கைகள் வரும். 100 கோரிக்கைகளில் 99 கோரிக்கைக்கு 300 மில்லிவினாடிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும் என்பது குழு தனக்கு வகுத்துக்கொண்ட இலக்கு. 100இல் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரத்தைப் பி99 என்பார்கள், பாதி முடிந்துவிடும் நேரத்தைப் பி50 என்பார்கள். வழக்கமான பி99 140 மில்லிவினாடிதான் என்பதால் யாருக்கும் கவலை இருக்கவில்லை.

கண்காணிப்பு வெறுமையாக இல்லை. அளவீடுகளைச் சேகரிக்கும் ப்ரோமிதியஸ் 30 வினாடிக்கு ஒருமுறை அளவு எடுத்தது. அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவில் பாட்வாரியாக சிபியு, மெமரி, ரீஸ்டார்ட், பிழை விகிதம், பி50, பி99 எல்லாம் இருந்தன. ஓப்பன்டெலிமெட்ரி வழியாக நூற்றுக்கு ஒரு கோரிக்கையின் ட்ரேஸ், அதாவது படிப்படியான நேரப் பதிவு, சேமிக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்பேன். பார்த்தவரை குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

## என்ன மாறியது

ஒரு செவ்வாய் இரவு பிளாட்ஃபார்ம் குழு நோடுகளை மாற்றியது. 4 கோர் கொண்ட 12 நோடுகள் போய், 16 கோர் கொண்ட 3 நோடுகள் வந்தன. மொத்தம் அதே 48 கோர்தான். காரணம் நியாயமானது. லாக் ஏஜென்ட், நெட்வொர்க் பிளகின், நோட் எக்ஸ்போர்ட்டர் போன்றவை ஒவ்வொரு நோடிலும் ஒரு பிரதி ஓடியே ஆக வேண்டும். 12 இடத்தில் கொடுத்த அந்த வாடகையை 3 இடத்தில் கொடுத்தால் போதும். சேவையின் கோடு (நிரல்), இமேஜ் (அதை ஓடத் தயாராகக் கட்டிய பொதி), லிமிட் எதையும் யாரும் தொடவில்லை. அதனாலேயே இருக்கை நிலவரக் குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

## கவனித்தவை

புதனும் வியாழனும் பி99 140இலிருந்து 190 வரை ஏறி இறங்கியது. அலர்ட்டின் எல்லை 300, எனவே சத்தமில்லை. வெள்ளி மாலை, வார இறுதிக்கு ஊருக்குப் போகிறவர்கள் இருக்கை தேடும் நேரத்தில், அலர்ட் அடித்தது. கிராஃபானா பி99 420 என்றது. இருக்கைப் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வராததால் திரும்பத் திரும்பத் தொடுகிறோம் என்று வாடிக்கையாளர் சேவைக்கும் புகார்கள் வந்தன. அப்படித் தொட்டதெல்லாம் கூடுதல் கோரிக்கையாக வந்து சேர்ந்தது.

பணியில் இருந்த பொறியாளர் டாஷ்போர்டைத் திறந்தபோது கண்டது: பாட்களின் சராசரி சிபியு 0.7 கோர், அதாவது லிமிட்டில் 35 சதவீதம். மெமரி 300 எம்பிக்குக் கீழே. ரீஸ்டார்ட் பூஜ்யம். பிழை விகிதம் வழக்கம்போல. நோட் சிபியு 40 சதவீதம். எல்லாப் பாடும் தயார் நிலையில். பி50 வெறும் 18 மில்லிவினாடி. சுமைக்கேற்பப் பாட்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலரும் அசையவில்லை. அது ரிக்வெஸ்ட்டை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுவது, 0.7 என்பது 70 சதவீதம், அதன் இலக்கு 80. பார்க்கிற பலகை எல்லாம் பச்சை, பயனருக்கு மட்டும் சிவப்பு.

இன்னொரு முரணும் அன்று கண்ணில் பட்டது, ஆனால் யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. கிளஸ்டரின் நுழைவாயிலான இன்கிரஸ் அளந்த பி99, சேவை தன்னைத் தானே அளந்த பி99ஐவிட 60 மில்லிவினாடி கூடுதலாக இருந்தது. நெட்வொர்க் தாமதமாக இருக்கும் என்று கடந்துவிட்டார்கள்.

## முதல் முடிவு: பாட்களை இரட்டிப்பாக்கியது

சுமை கூடியிருக்கிறது, பாட்களைக் கூட்டுவோம் என்பது முதல் யோசனை. ஆட்டோஸ்கேலரின் குறைந்தபட்ச எண்ணிக்கையை 6இலிருந்து 12 ஆக்கினார்கள். சில நிமிடங்களில் பிழை விகிதம் எகிறியது. 12 பாட், பாடுக்கு 20 இணைப்பு என்றால் 240. டேட்டாபேஸ் வரம்பு 200. அதிலும் 3 இணைப்புகள் நிர்வாகிக்கென ஒதுக்கியவை. புதிதாக வந்த பாட்களுக்கு டேட்டாபேஸ் கதவைச் சாத்தியது. அதுவரை தாமதம் மட்டுமே இருந்த இடத்தில் இப்போது தோல்வியும் சேர்ந்தது.

10 நிமிடத்தில் 9 பாடுக்கு இறக்கினார்கள். 180 இணைப்பு, வரம்புக்குள். பி99 சற்றே இறங்கி 380இல் நின்றது. பாட் கூடினால் ஒவ்வொன்றின் சுமையும் குறையும், சிக்கல் அரிதாகும். ஆனால் அது நேரும்போது அதே வலியோடுதான் நேரும். அன்று கிடைத்த இந்தச் சிறு முன்னேற்றம், சிக்கல் சுமையில்தான் இருக்கிறது என்ற தவறான நம்பிக்கையை இன்னும் இறுக்கியது.

## இரண்டாவது முடிவு: டேட்டாபேஸைத் துருவியது

ட்ரேஸ்களில் மெதுவானவற்றைத் திறந்தால், பெரும்பாலானவற்றில் டேட்டாபேஸ் வினவல் 80, 90 மில்லிவினாடி எடுத்ததாகத் தெரிந்தது. விசாரணை அந்தப் பக்கம் திரும்பியது. டேட்டாபேஸ் பொறியாளர்கள் மெதுவான வினவல் பதிவின் எல்லையை 50 மில்லிவினாடியாகத் தாழ்த்தினார்கள். ஒரு நாள் முழுவதும் அந்தப் பதிவில் ஒரு வரிகூட விழவில்லை. வினவல் புள்ளிவிவரத்தில் சராசரி 2 மில்லிவினாடி. நடுவில் நெட்வொர்க், பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் எல்லாவற்றையும் சோதித்தார்கள். குபெர்னெட்டிஸின் டிஎன்எஸ் அமைப்பில் ஒரு பெயருக்குப் பல தேடல்கள் போவது தெரிந்த தொல்லைதான். ஆனால் இங்கே இணைப்புகள் திறந்தே இருக்கும் பூலில் இருந்து வருகின்றன. வினவலுக்கு வினவல் டிஎன்எஸ் தேவையே இல்லை.

இப்படி 6 நாள் கழிந்தது. அந்த 6 நாளும் தங்கள் மேல் குற்றமில்லை என்று நிரூபிக்கும் பாரம் டேட்டாபேஸ் குழுவின் தலையில் கிடந்தது. ஸ்பேன் காட்டும் நேரம் டேட்டாபேஸ் எடுத்துக்கொண்ட நேரம் அல்ல. வினவலை அனுப்பிய ப்ராசஸ், பதிலைத் தன் கையில் வாங்கியதாக உணரும்வரை ஆன நேரம். பதில் சாக்கெட்டில் வந்து கிடக்க, வாங்க வேண்டியவர் உறங்கிக்கொண்டிருந்தாலும் அந்த உறக்கம் டேட்டாபேஸ் கணக்கில்தான் ஏறும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

## திருப்பம்: இரண்டு மேடுகள்

ஒரு இளைய பொறியாளர் சராசரியையும் பி99ஐயும் விட்டுவிட்டு, வினவல் ஸ்பேன்களின் நேரப் பரவலை வரைந்து பார்த்தார். படத்தில் இரண்டு மேடுகள். ஒன்று 2 முதல் 5 மில்லிவினாடியில். இன்னொன்று 60 முதல் 90க்குள். நடுவில் ஏறக்குறைய வெறுமை. டேட்டாபேஸோ நெட்வொர்க்கோ திணறினால் பரவல் வால்போல இழுபடும். இப்படிப் பள்ளம் விட்டு இன்னொரு மேடு எழும்பாது. 100ஐத் தொடாமல் அதன் கீழே நிற்கும் மேடு, ஏதோ 100 மில்லிவினாடிக் கடிகாரம் ஒன்று பின்னால் ஓடுவதைக் காட்டியது.

அடுத்து ஜேசன் எழுதும் ஸ்பேனை எடுத்தார். நெட்வொர்க்கைத் தொடாத, டேட்டாபேஸைத் தொடாத, 1 மில்லிவினாடியில் முடியும் வேலை. அதிலும் அதே இரண்டாவது மேடு. டேட்டாபேஸ் பொறியாளர் குழு அரட்டையில் கேட்டார்: "ஜேசன் எழுதும்போது எங்க பக்கம் யாருமே வர்றதில்லையே, அதுக்கு ஏங்க 88 மில்லி ஆகுது?" அந்தக் கேள்வியோடு டேட்டாபேஸ் விசாரணை முடிந்தது.

## நேரடி அளவீடு

கன்டெய்னரின் சிபியு லிமிட்டை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் 100 மில்லிவினாடிச் சுற்றுகளாக அமல்படுத்துகிறது. லிமிட் 2 என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 200 மில்லிவினாடி சிபியு நேரம். அதைச் செலவழித்துவிட்டால், சுற்று முடியும்வரை அந்த கன்டெய்னரின் எல்லாத் த்ரெட்டும், அதாவது இணையாக ஓடும் எல்லா வேலை இழைகளும், நிறுத்தப்படும். நோடில் கோர்கள் சும்மா கிடந்தாலும் நிறுத்தப்படும். இதுதான் த்ராட்லிங். எத்தனை சுற்றுகள் ஓடின, எத்தனையில் நிறுத்தப்பட்டது என்ற கணக்கு கன்டெய்னர்வாரியாக வளங்களைக் கணக்கிடும் சிகுரூப் என்ற கெர்னல் வசதியின் கோப்புறையில் 'சிபியு.ஸ்டாட்' என்ற கோப்பில் இருக்கிறது.

அதைப் படிப்பதில் ஒரு தடை. இமேஜில் கட்டளை தட்டிப் பார்க்க ஷெல்லே கிடையாது. பாதுகாப்புக்காக வெறும் பைனரி மட்டும் வைத்துக் கட்டியது. எனவே கியூப்சிடிஎல் டீபக் கட்டளையால், இலக்கு கன்டெய்னரின் ப்ராசஸ்களைப் பார்க்கும்படி ஒரு தற்காலிகக் கன்டெய்னரை அதே பாடில் ஏற்றினார்கள். இங்கே பலர் வழுக்குவதுண்டு: தற்காலிகக் கன்டெய்னருக்குத் தனி சிகுரூப் உண்டு. அதற்குள் இருந்து வழக்கமான பாதையைப் படித்தால் அதன் சொந்தக் கணக்குதான் வரும், அதில் த்ராட்லிங் பூஜ்யமாக இருக்கும். '/ப்ராக்/1/ரூட்' என்று தொடங்கி, சேவையின் முதல் ப்ராசஸ் வழியாக அதன் கோப்பு அமைப்புக்குள் நுழைந்து படிக்க வேண்டும். தற்காலிகக் கன்டெய்னர் சேவையின் யூஸர் எண்ணிலேயே ஓடாவிட்டால் அனுமதி மறுக்கப்படலாம்.

60 வினாடி இடைவெளியில் இருமுறை படித்தார்கள். சுற்றுகள் 594 கூடியிருந்தன. நிறுத்தப்பட்ட சுற்றுகள் 65. அதாவது 11 சதவீதம். அதே கோப்பில் நிறுத்தப்பட்ட மொத்த நேரமும் இருக்கும். அது ஒவ்வொரு கோரிலும் நிறுத்தப்பட்ட நேரத்தைக் கூட்டிய தொகை. கடிகார நேரம் என்று எண்ணிப் படித்தால், ஒரு நிமிடத்துக்குள் ஒரு நிமிடத்துக்கும் மேல் நின்றதாகக்கூட வரும். விகிதம் பார்க்க சுற்று எண்ணிக்கைதான் நம்பத்தக்கது.

11 சதவீதம் சிறியதாகத் தெரியலாம். பரவலாகப் பயன்படும் தயார்நிலை அலர்ட் விதித் தொகுப்பில் த்ராட்லிங் எல்லை 25 சதவீதம். இந்தச் சேவை அதில் சிக்கியே இருக்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 10 சுற்று, அதில் சராசரி ஒன்றுக்குச் சற்று மேல் நிறுத்தம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 மில்லிவினாடி. அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர், வந்து சேர்ந்தவர் எல்லோரையும் சேர்த்தால் 10 கோரிக்கைகளில் ஒன்று நிறுத்தத்தைத் தொடுகிறது. பி50க்கு இது தெரியவே தெரியாது. பி99 முழுக்க இதற்குள் கிடக்கிறது.

## சராசரி 0.7 கோர் இருக்க, 2 கோர் எப்படித் தீர்ந்தது

கோவின் ஜிசி ட்ரேஸைப் போட்டதும் விடை வந்தது. ஜிசி என்பது பயன்படாத மெமரியைக் கோ தானே சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்ஷன். ஒவ்வொரு கார்பேஜ் கலெக்ஷனுக்கும் ஒரு வரி. வரியின் கடைசியில் '16 பி' என்று இருந்தது. ஒரே நேரத்தில் எத்தனை த்ரெட்களில் கோ கோடு ஓடலாம் என்பதைக் குறிக்கும் எண் அது, கோமேக்ஸ்ப்ராக்ஸ் என்பார்கள். 1.25க்கு முன் கோ இந்த எண்ணைக் கன்டெய்னர் லிமிட்டில் இருந்து எடுப்பதில்லை, நோடின் கோர் எண்ணிக்கையில் இருந்து எடுக்கும். பழைய நோடில் 4. புதிய நோடில் 16. கோடு மாறாமலேயே சேவையின் நடத்தை மாறியது இப்படித்தான்.

இந்தச் சேவை இருக்கைப் படங்களை மெமரியில் வைத்திருந்தது. உயிரோடிருக்கும் ஹீப், அதாவது பயன்பாட்டில் உள்ள தரவு, 120 எம்பி. ஏறத்தாழ வினாடிக்கு ஒரு கார்பேஜ் கலெக்ஷன், ஒவ்வொன்றுக்கும் 250 மில்லிவினாடி சிபியு. கோ இந்த வேலைக்குக் கோமேக்ஸ்ப்ராக்ஸில் கால் பங்கை ஒதுக்கும்; 16 என்றால் 4. அதற்கு மேல் சும்மா இருக்கும் இடங்களிலும் ஜிசி வேலையாள் புகுந்துகொள்வார். ஆக 16 த்ரெட்களும் ஒரே நேரத்தில் எழுந்தால், 200ஐ 16ஆல் வகுக்க 12.5. சுற்றின் ஒதுக்கீடு 12.5 மில்லிவினாடியில் தீர்ந்துவிடும். மீதி 87.5 மில்லிவினாடி ஒட்டுமொத்தச் சேவையும் உறைந்து நிற்கும். ஜேசன் ஸ்பேனில் கண்ட 88 இதுதான்.

பழைய நோடில் 4 த்ரெட். அதே 200 தீர 50 மில்லிவினாடி ஆகும். மிஞ்சினால் 50 நிறுத்தம். அதுவும் பக்கத்துப் பாட்களோடு 4 கோரைப் பங்கிட்டதால் நான்கும் ஒருசேரக் கிடைப்பது அரிது. புதிய நோடு விசாலமானது. 16 கோரும் பெரும்பாலும் காலி. நோடு எவ்வளவு தாராளமோ, அவ்வளவு வேகமாக ஒதுக்கீடு கரைந்தது. ப்ரோமிதியஸ் இயல்பாகவே 15 நாள் தரவை வைத்திருக்கும். இந்த ஆய்வு நடந்தது மாற்றத்துக்குப் பின் 9ஆம் நாள் என்பதால் அதற்கு முந்தைய வாரமும் கையில் இருந்தது. அப்போது த்ராட்லிங் 2 சதவீதம். அளவு எப்போதும் சேகரமாகிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் டாஷ்போர்டில் வைக்கவில்லை, அவ்வளவே.

சராசரி ஏன் ஒளித்தது என்பதும் இப்போது தெளிவு. 30 வினாடிக்கு ஒரு அளவு என்றால் நடுவே 300 சுற்றுகள் போய்விடும். 12 மில்லிவினாடி வெறியோட்டமும் 88 மில்லிவினாடி உறக்கமும் சேர்ந்த சராசரி, நிதானமாக நடப்பவரின் சராசரியைப் போலவே தெரியும். சேவை தன்னை அளந்ததும் இதே ஓட்டைக்குள் விழுந்தது. உறைந்திருக்கும்போது வந்த கோரிக்கை கெர்னலின் வரிசையில் காத்துக் கிடக்கும். சேவை கண் விழித்து அதை எடுத்த பிறகுதான் அதன் கடிகாரம் ஓடத் தொடங்கும். இன்கிரஸில் கூடுதலாகத் தெரிந்த 60 மில்லிவினாடி அந்த வரிசைக் காத்திருப்புதான்.

## எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் மேசையில் இருந்தன. சிபியு லிமிட்டை உயர்த்துவது. லிமிட்டை எடுத்துவிட்டு ரிக்வெஸ்ட் மட்டும் வைப்பது. கோமேக்ஸ்ப்ராக்ஸை 2 ஆக்குவது.

லிமிட்டை 4 ஆக்கினாலும் 16 த்ரெட் 25 மில்லிவினாடியில் தீர்த்துவிடும். சிக்கல் இளைக்கும், சாகாது. லிமிட்டை எடுப்பது தாமதத்துக்கு அஞ்சும் சேவைக்கு நல்ல வழி. ரிக்வெஸ்ட் சரியாக இருந்தால் நெரிசலில் கெர்னல் அதன் விகிதப்படி பங்கிட்டுத் தரும். பக்கத்து வீட்டுக்காரர் பட்டினி கிடக்க மாட்டார். மெமரி லிமிட்டை மட்டும் ஒருபோதும் எடுக்கக் கூடாது. ஆனால் கிளஸ்டரில் இந்தச் சேவை இருக்கும் பகுதியான நேம்ஸ்பேஸில் லிமிட் கட்டாயம் என்ற விதி இருந்தது. அதை மாற்ற எல்லாக் குழுக்களின் ஒப்புதலும் வேண்டும். பயனர் அதுவரை காத்திருக்க முடியாது.

எனவே கோமேக்ஸ்ப்ராக்ஸ். 2 த்ரெட் 100 மில்லிவினாடியில் அதிகபட்சம் 200தான் செலவழிக்க முடியும், ஒதுக்கீடும் 200. எண்ணை நேரடியாக எழுதாமல், பாடின் சிபியு லிமிட்டைச் சூழல் மாறியாக (நிரல் தொடங்கும்போது வெளியிலிருந்து பெறும் அமைப்பாக) எடுத்துத் தரும் குபெர்னெட்டிஸ் வசதியின் வழியே கொடுத்தார்கள். நாளை லிமிட் மாறினால் இதுவும் தானே மாறும். 1.5 போன்ற பின்ன லிமிட்டை அந்த வசதி மேல்நோக்கி முழு எண்ணாக்கி 2 என்று தரும் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

முதலில் ஒரே ஒரு பாடுக்கு. அதே சர்வீஸ் லேபிளோடு தனி டிப்ளாய்மென்ட், அதே நோடில், 24 மணி நேரம். மற்ற 8 பாட்கள் பழையபடி. வேறு எதையும் அந்த நாளில் மாற்றக் கூடாது என்று குழு உறுதியாக நின்றது. வெள்ளி இரவு பட்ட பாடு அதற்குக் காரணம்.

## பின் நடந்தது

சோதனைப் பாடில் த்ராட்லிங் 11 சதவீதத்திலிருந்து 0.5க்குக் கீழே போனது. பி99 அன்றைய உச்சத்திலும் 150. மற்ற எட்டில் 300க்கு மேலேயே. பி50 மட்டும் 18இலிருந்து 20 ஆனது. இணையாக ஓடும் இடம் குறைந்ததற்கு அது விலை, தெரிந்தே ஏற்றார்கள். மறுநாள் எல்லாப் பாடுக்கும் கொண்டுபோய், பாட் எண்ணிக்கையை 6க்கு இறக்கினார்கள். அடுத்த வெள்ளி உச்சத்தில் பி99 155இல் நின்றது.

இரண்டாம் படியாகக் கார்பேஜ் கலெக்ஷனின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். இதை ஆளும் அமைப்பு எண் கோஜிசி. அது 100 என்றால் 120 எம்பி ஹீப் 240ஐத் தொட்டதும் ஓடும்; 200 ஆக்கினால் 360இல் ஓடும். இடையே சேரும் குப்பை 120இலிருந்து 240 எம்பி. எனவே ஓட்டங்கள் பாதியாகும். 512இல் 360 என்பது நெருக்கம். சுமை திடீரென ஏறினால் கெர்னல் ப்ராசஸைக் கொன்றுவிடும், 137 என்ற எண்ணோடு பாட் விழும். அதற்குக் காப்பாக, கோவுக்கு மெமரி எல்லையைச் சொல்லும் கோமெம்லிமிட்டை 440 எம்பியில் வைத்தார்கள். அந்த எல்லையை நெருங்கினால் கோ கோஜிசியைப் பொருட்படுத்தாமல் அடிக்கடி சுத்தம் செய்யும். சி நூலகங்கள் நேரடியாக எடுக்கும் மெமரி அந்தக் கணக்கில் வராது. இந்தச் சேவையில் அவை இல்லை என்பதைச் சரிபார்த்த பின்னரே இதைச் செய்தார்கள்.

420 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு பாடம் கிடைத்தது. ப்ரோமிதியஸ் கிளையன்ட் ஒவ்வொரு நேரத்தையும் தனியாக வைக்காமல், பக்கெட் என்ற நேர வரம்புகளில் எண்ணி வைக்கும்; அதுதான் ஹிஸ்டோகிராம். அதன் இயல்பு ஹிஸ்டோகிராமில் 250 மில்லிவினாடிக்கு அடுத்த பக்கெட் 500தான். நடுவே விழுந்ததை எல்லாம் நேர்கோட்டில் பரப்பிக் கணக்கிடுவதால், 420 என்பதற்கு 250க்கும் 500க்கும் நடுவே எங்கோ என்பதுதான் பொருள். இலக்கான 300 ஒரு பக்கெட்டின் எல்லையாகவே இல்லை! 150, 200, 300, 400 என நான்கு பக்கெட் சேர்த்தார்கள். விலை உண்டு: ஒவ்வொரு லேபிள் சேர்க்கைக்கும் 14 சீரிஸ் (தனித்தனி எண் தொடர்கள்) இருந்தது 18 ஆகும். 9 பாட், 12 பாதை, 4 நிலைக் குறியீடு என்றால் 432 சேர்க்கைகள். 6048இலிருந்து 7776 சீரிஸ். தாங்கக்கூடியதுதான். பாட்வாரி பி99களின் சராசரியைக் காட்டிய பலகையையும் தூக்கினார்கள். பக்கெட்களை முதலில் கூட்டி, பிறகு பி99 எடுப்பதே முறை. பி99களுக்குச் சராசரி என்பதற்குப் பொருளே கிடையாது.

மற்ற சேவைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்கள். இன்கிரஸில் என்ஜின்எக்ஸ் வலைச் சேவையகத்தின் வொர்க்கர் எண்ணிக்கை 'ஆட்டோ' என்று இருந்தது. அதுவும் நோடின் கோரை எண்ணும்; லிமிட் 1 உள்ள பாடில் 16 வொர்க்கர்கள். அதை 1 ஆக்கினார்கள். ஜாவா சேவைகள் தப்பித்திருந்தன. ஜாவா 10 முதல், 8இல் 191ஆம் அப்டேட் முதல், ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் கன்டெய்னர் லிமிட்டைப் பார்த்தே கோர் எண்ணிக்கையை முடிவு செய்கிறது.

## இனி மாற்றிச் செய்பவை

த்ராட்லிங் விகிதம் இப்போது லேட்டன்சி (தாமத)ப் பலகைக்கு நேர் கீழே, அதே நேர அச்சில் இருக்கிறது. நிறுத்தப்பட்ட சுற்றுகளின் 5 நிமிட வேகத்தை மொத்தச் சுற்றுகளின் 5 நிமிட வேகத்தால் வகுப்பது. 10 நிமிடம் 5 சதவீதத்தைத் தாண்டினால் குழுவின் வேலைப் பட்டியலில் ஒரு டிக்கெட். இரவில் யாரையும் எழுப்புவதில்லை. எழுப்புவது பயனர் படும் தாமதம் மட்டுமே, அதுவும் இன்கிரஸில் அளந்தது. இரவு நேர அறிக்கை வேலைகளுக்கு இந்த விதி பொருந்தாது. அவை த்ராட்டில் ஆனால் ஆகட்டும், யாரும் காத்திருக்கவில்லை.

ஒவ்வொரு கோ சேவையும் தன் கோமேக்ஸ்ப்ராக்ஸ் எண்ணை மெட்ரிக்காக வெளியிடுகிறது. அது சிபியு லிமிட்டின் முழு எண்ணைத் தாண்டினால் தனி எச்சரிக்கை. சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு தரும் சிபியு அழுத்த அளவையும் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். லிமிட்டே இல்லாத பாட்களில் த்ராட்லிங் எண் கிடைக்காது. அங்கே காத்திருப்பைக் காட்ட இது உதவும்.

ட்ரேஸ் சேகரிப்பில் நூற்றுக்கு ஒன்று என்ற கண்மூடித் தேர்வை விட்டார்கள். கோரிக்கை முடிந்த பிறகு பார்த்து, 250 மில்லிவினாடிக்கு மேல் போனதையும் பிழையானதையும் முழுவதுமாகவும், மற்றவற்றில் நூற்றுக்கு ஒன்றையும் வைப்பது இப்போதைய முறை. ஒரு ட்ரேஸின் எல்லா ஸ்பேனும், அவற்றைச் சேகரிக்கும் ஒரே கலெக்டருக்குப் போனால்தான் இது நடக்கும். முன்னால் ட்ரேஸ் எண்ணைப் பார்த்துப் பிரித்தனுப்பும் ஒரு அடுக்கு வைக்க வேண்டியிருந்தது. முடிவெடுக்கும்வரை ஸ்பேன்கள் கலெக்டரின் மெமரியில் காத்திருப்பதால் அதன் மெமரி லிமிட்டையும் கூட்ட வேண்டியிருந்தது.

நோட் வகை, கெர்னல் பதிப்பு, கிளஸ்டர் பதிப்பு மாறினால் எல்லா டாஷ்போர்டிலும் ஒரு செங்குத்துக் கோடு விழுகிறது. சேவைக் குழுக்களுக்கு முந்தைய நாளே செய்தி போகிறது. சுமைச் சோதனை உற்பத்தியில் உள்ள அதே அளவு நோடில்தான் நடக்கிறது. முன்பு 4 கோர் நோடில் நடந்த சோதனை எதுவும் இதைப் பிடித்திருக்க முடியாது. பாட் உச்ச எண்ணிக்கை 9 என்று ஆட்டோஸ்கேலரிலேயே எழுதப்பட்டு, பக்கத்தில் இணைப்புக் கணக்கும் குறிக்கப்பட்டிருக்கிறது.

தாமதம் வந்தால் என்ன செய்வது என்று வரிசைப்படுத்திய கையேடான ரன்புக்கின் முதல் மூன்று வரிகள் மாறின: சிபியு.ஸ்டாட்டைப் படி, இன்கிரஸ் பி99க்கும் சேவை பி99க்கும் உள்ள இடைவெளியைப் பார், நெட்வொர்க்கைத் தொடாத ஒரு ஸ்பேனின் பரவலை வரை. பாட்களைக் கூட்டுவது நான்காவது வரி. டேட்டாபேஸ் குழுவை அழைப்பது, அவர்கள் பக்கப் பதிவிலும் தாமதம் தெரிந்தால் மட்டும்.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கோ 1.25 முதல் ரன்டைமே சிபியு லிமிட்டைப் படித்து, ஓட்டத்தின் நடுவே லிமிட் மாறினாலும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் சூழல் மாறியில் கோமேக்ஸ்ப்ராக்ஸ் வைத்திருந்தால் அந்தத் தானியங்கி ஏற்பாடு விலகிக்கொள்ளும். எனவே பதிப்பை உயர்த்தும் அதே மாற்றத்தில் அந்த மாறியையும் நீக்க வேண்டும். முன்போலவே ஒரு பாடில் 24 மணி நேரம் வைத்துப் பார்த்த பிறகு.